பதினாலு பாயின்ட் ஆறு

அந்த அக்காவைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. தங்கமான மனுஷி என்கிறார்கள். அப்படி ஒரு நேர்மையைப் பார்க்க முடியாது என்கிறார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அவளுக்கு ஒரு வேலை செய்து கொடுத்தவர் கிடையாது. நான் செய்து கொடுத்தேன். வில்லியனூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் என்னை அழவைத்த வாடிக்கைக்காரி அவள் ஒருத்திதான். வயதில் மூத்தவளை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. நினைத்தாலே ஏறுகிற கோபத்தில் ‘அவள்’ என்றுதான் வருகிறது.

பேர் சொல்ல மாட்டேன். கரிக்கலாம்பாக்கம் பக்கத்தில் அவளுக்கு மூன்று காணி நிலம். கரும்பும் நெல்லும் வைப்பாள். ஆற்றோரத்துக் கருவேலங்காட்டிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி வந்து கரும்பைச் சாய்த்துப் போட்டுவிடும். அதற்காக அவள் புருஷன் காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய ஈயக் குண்டை அதன் மேல் போட்டு, கம்பியால் அடிவரை தள்ளிக் கெட்டித்துச் சுடுகிற பழைய வகை. புருஷன் போனதும் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். “பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?” என்று ஆபீஸில் கேட்டவரிடம், “பன்னி ஆம்பள கரும்பு, பொம்பள கரும்புன்னு பாத்தா திங்குது?” என்று கேட்டாளாம்.

ஆள் ஒல்லி, நல்ல உயரம். புடவைக்கு மேலே புருஷனுடைய முழுக்கைச் சட்டை. கையில் ஒயர்கூடை. கூடைக்குள் ஒரு நூல்கண்டு, ஒரு டேப், என்னிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்ட ஒரு பழைய வெர்னியர். ஐந்தாவது வரைதான் படிப்பு. வெர்னியரில் புள்ளி பார்த்து அளவு படிக்க அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த நேரத்தில் ரெண்டு ஷாஃப்ட் கடைந்து முடித்திருப்பேன். ஒரு கேள்வியை விடமாட்டாள். எதைச் சொன்னாலும், “சொல்லாத, காட்டு” என்பாள். பால்காரரிடமும் அதுதான், உர மூட்டை கொண்டுவந்து இறக்குகிறவரிடமும் அதுதான். அவள் தெருவில் எந்த வியாபாரியும் சிரித்துக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை.

முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது குண்டு வார்க்கிற மோல்டு ஒன்று வேண்டும் என்றாள். பழைய மோல்டு கீல் உடைந்துபோயிருந்தது. இடுக்கி மாதிரி இரண்டு இரும்புத் துண்டு, உள்ளே உருண்டையாகக் குழி, மேலே ஈயம் ஊற்ற ஒரு ஓட்டை. பெரிய வேலை இல்லை. லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கியின் அளவு எழுதியிருந்தது. அந்த அளவுக்கே குழியைக் கடைந்து கொடுத்தேன். துப்பாக்கி எவ்வளவோ குண்டும் அவ்வளவு. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன்.

மறுநாளே வந்தாள். குண்டை மேசையில் தக்கென்று வைத்தாள்.

“இது வாயிலயே நொழையல. இன்னாப்பா வேல செய்யற நீ?”

“புக்குல போட்டிருக்கற அளவுதான்க்கா.”

“புக்கா சுடப் போவுது? குழலு என் வூட்டுல இருக்கு. வந்து அளந்தியா?”

எரிச்சலோடு பைக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். குழல் வாயில் வெர்னியரை விட்டு அளந்தேன். துணி சுற்றுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, பதினைந்து பாயின்ட் ரெண்டு மில்லிமீட்டரில் இரண்டாவது மோல்டு போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் தக்.

“வாய்ல நொழஞ்சிது. ரெண்டு ஜாண் போயி நின்னுட்ச்சி. மேலயும் வரல, கீழயும் போவல. திருகு வுட்டு வெளிய எடுக்கறதுக்குள்ள உசுரு போயிட்ச்சி.”

“நல்லா தட்டி எறக்க வேண்டியதுதானே.”

அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. குண்டு மருந்தின் மேல் போய் உட்கார வேண்டும், நடுவழியில் நின்ற குண்டோடு சுட்டால் குழல் வெடித்துவிடும் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி, என் பட்டறையில் என் ஆட்களின் முன்னால் எனக்குச் சொன்னாள். “வாய்ல அளக்காதடா. வருசக் கணக்கா கம்பி ஒரசி ஒரசி வாய் அகண்டு கெடக்கு. உள்ள அப்படியே இருக்கு. உள்ள போயி அளந்துட்டு வா.”

குழலைக் கழற்றி, பின்பக்கத்து மரையைத் திறந்து, மிருதுவான ஈயக் கட்டி ஒன்றைத் தட்டித் தட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டி எடுத்தோம். குழலின் குறுகலான இடம் எதுவோ அந்த அளவுக்கு ஈயம் வந்து நிற்கும். சரியாகப் பதினைந்து. அப்படியென்றால் துணிக்கு இடம் விட்டுக் குண்டு பதினாலு பாயின்ட் ஆறு. குழலின் குறுகலான இடத்தைவிடவும் குண்டு சின்னதாக இருக்க வேண்டும், அந்த இடைவெளியைத் துணி அடைக்க வேண்டும் என்பது அன்றுதான் என் மண்டையில் ஏறியது. மூன்றாவது மோல்டு பொருந்தியது. ஒரு பாராட்டு? ஒரு சிரிப்பு? ஒன்றும் கிடையாது. “இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு மோல்டைக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் வேண்டாம் என்ற இரண்டாவது மோல்டு என்னிடம் கிடந்தது. அவள் ஊரிலேயே ரைஸ் மில் வைத்திருந்த பெரிய கையிடம் அதே கம்பெனித் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவருக்கும் லைசென்ஸ் அதே வருஷம். அவருடைய குழல் தேய்ந்துபோய் உள்ளே நல்ல அகலம். பதினைந்து பாயின்ட் ரெண்டு அதற்கு வாகாகப் போய் உட்கார்ந்தது. மோல்டை அவருக்குக் கொடுத்துவிட்டேன். மில்லில் எது உடைந்தாலும் என்னிடம்தான் வரும். அவர் என்னை எப்போதும் சிரித்த முகத்தோடு ‘வாப்பா இன்ஜினீயர்’ என்று கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. என் மச்சான், தங்கச்சி புருஷன், அந்த மில்லில்தான் காவல் வேலை பார்த்தான். அவருடைய கரும்புத் தோட்டத்தில் பன்றி விரட்டுவதும் அவன் பொறுப்பு.

அந்த அக்காவின் புருஷன் செத்த கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது இதற்கெல்லாம் முன்னால் நடந்தது. எனக்குத் தெரிந்த வீடு என்று நானும் சாவுக்குப் போயிருந்தேன். அவர்களில் புதைக்கிற வழக்கம். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவள் எழுந்து போய் நூல்கண்டை எடுத்துவந்தாள். புருஷனைத் தலையிலிருந்து கால்வரை அளந்து, அதற்கு மேல் ஒரு ஜாண் விட்டு, நூலை அறுத்துப் பங்காளி ஒருவர் கையில் கொடுத்தாள். குழி வெட்டுகிறவர்களிடம் காட்டச் சொன்னாள். பெண்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பங்காளி வெளியே வந்து நூலைத் தூக்கி எறிந்தார். “புருசன் செத்த துக்கம் துளி இல்ல பாரு. தையக்காரி மாதிரி அளவு எடுக்கறா” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இடுகாட்டில் போய் இறக்கினால் குழி அரை அடி குறைந்தது. பாடையைத் தரையில் வைத்துவிட்டு, வெயிலில், மறுபடி வெட்டும்வரை நின்றோம். அவள் புருஷன் நல்ல உயரம்.

அப்போதாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த வாரமே பிளாட் போடுகிறவர்கள் அவள் வரப்புக்கு உள்ளே ஒரு முழம் தள்ளிக் கல் நட்டார்கள். அவர்களிடம் சர்வே வரைபடம் இருந்தது, இவளிடம் கயிறு இருந்தது. கல்லின் மேலேயே பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டாள். “ஆபீஸ்ல போட்ட கோட்ட வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கயித்தப் புடி, அந்தாண்ட நீ போ” என்று சர்வேயரையே கயிற்றைப் பிடிக்க வைத்தாள். கல் முழம் தள்ளிப் போனது. சர்வேயர் போகும்போது என்னிடம், “இந்தம்மா கூட எப்படிங்க குடும்பம் நடத்துனாரு அந்த மனுசன்?” என்று கேட்டார். நான் அதற்கும் சிரித்தேன்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு திரும்பத் தருவார்கள். அதுவரை பன்றிகளுக்குக் கொண்டாட்டம். இவள் ஒப்படைக்கும் முன்னால் ஒரு ஈயக் கட்டியைக் குழலில் ஓட்டி எடுத்து, தாளில் சுற்றித் தேதி எழுதிக் கூடையில் வைத்துக்கொள்வாள். திரும்ப வாங்கியதும் குண்டைப் போட்டுப் பார்ப்பாள். “துப்பாக்கிக்குச் சட்ட தைக்கப் போறியாம்மா?” என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். “உன் வாய்க்குத்தான் தைக்கணும்” என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

ஒரு தேர்தல் முடிந்து துப்பாக்கி வாங்கி வந்த அன்று மத்தியானமே பட்டறைக்கு வந்துவிட்டாள். எங்களுக்கு அப்போது அரவைக் காலம். மில்காரருடைய ஷாஃப்ட் லேத்தில் ஏறியிருந்தது. அவள் குரலைக் கேட்டதும் எனக்குக் கழுத்து விறைத்தது.

“தம்பி, இது என் துப்பாக்கி இல்ல.”

“நம்பர் பாத்தீங்களா?”

“துரு புடிச்சிக் கெடக்கு, மூணா எட்டான்னு தெரியல. சீட்டு மாத்திக் கட்டிட்டானுங்க. என் குண்டப் போட்டா லொடலொடன்னு ஆடுது. துணியோட கவுத்தா வெளிய வந்து வுழுது. இது மில்லுக்காரரோடது. அப்ப என்து அவராண்ட இருக்குது.”

நான் லேத்தை நிறுத்தவில்லை. அவளே சொன்னாள். “அவரோட குண்டு எது? நான் வேணாம்னு குடுத்த அந்த மோல்டுதானே? அது என் குழல்ல ரெண்டு ஜாண்ல நிக்கும்னு உனக்குத் தெரியுமில்ல? வா, ஸ்டேசனுக்கு வந்து சொல்லு. ரெண்டு மோல்டும் போட்டவன் நீ. நீ சொன்னா கேப்பானுங்க.”

“எனக்கு எதுக்குக்கா வம்பு? வேல இருக்கு.”

அதுதான் நான் சொன்னது. பூசி மெழுக விரும்பவில்லை. லேத்தில் மில்காரரின் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய முகத்துக்கு எதிரே போய், உங்கள் கையில் இருப்பது ஒரு பெண்பிள்ளையின் துப்பாக்கி என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்கு மேல் ஒன்றும் இருந்தது. ஒருமுறையாவது இந்த அம்மாவின் அளவு செல்லாமல் போகட்டும் என்ற ஆசை. அந்த ஆசையை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் தனியாகப் போனாள். கையிலிருந்த துப்பாக்கியை, “அடுத்தவன் சாமான் எனக்கு வேணாம்” என்று ஸ்டேஷன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். அங்கிருந்து நேரே மில்லுக்குப் போனாள். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். “உங்க கையில இருக்கறது என்து. உங்க குண்ட அதுல போட்டா வெடிக்கும். வெச்சிக்கறதா இருந்தாலும் சுடாதீங்க” என்று சொன்னாள். மில்காரருக்குக் கிடைத்திருந்தது உள்ளே தேயாத, எண்ணெய் போட்டு வைத்த நல்ல துப்பாக்கி. “உன்துன்னா வந்து புடுங்கிக்கோ பாப்பம்” என்று ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள்.

மச்சான் அங்கே நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தான்.

“மச்சான், குண்டு பாதி வழியில நிக்குது. அந்தம்மா வேற வந்து இன்னாமோ சொல்லிட்டுப் போச்சி. பயமா இருக்குது.”

“எவ்ளோ தூரம் போவுது?”

“ரெண்டு ஜாண்.”

எனக்கு எல்லாம் தெரிந்தது. அரைகுறையாகத் தெரியும் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். முழுக்கத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் மச்சான் மில்காரரிடம் போவான், மில்காரர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அதை நினைத்து, “அந்தம்மாவுக்கு வேற வேல இல்ல. துணிய மெல்லிசா போடு. கம்பியால ரெண்டு தட்டு தட்டு, எறங்கிடும்” என்றேன். அவன் என் வார்த்தையை நம்பினான். பெண்டாட்டியின் அண்ணன், தொழில் தெரிந்தவன். நம்பாமல் என்ன செய்வான்?

மறுநாள் விடிகிற நேரத்தில் வெடித்தது. குண்டு நின்ற இடத்தில் குழல் கிழிந்து, இடது கையில் மூன்று விரல் போயிற்று. ஒரு கண்ணில் பார்வை போயிற்று. பாண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கச்சி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். மில்காரர் அங்கே வந்து நின்று சொன்னதுதான் எனக்கு இன்றும் வயிற்றை எரிக்கிறது. “குடிச்சிட்டு மருந்த டபுளா போட்டிருக்கான். என்னக் கேக்காமத் துப்பாக்கிய எடுத்துனு போயிருக்கான்.” மச்சான் வாழ்நாளில் குடித்ததில்லை. விரல் போனது போதாதென்று, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் திருடிச் சுட்டான் என்று அவன்மேலேயே கேஸ். கட்டுப் பிரிப்பதற்குள் ஜெயிலுக்குப் போகிற நிலைமை.

“நீதாண்ணா மோல்டு போட்டவன். துப்பாக்கி மாறிடுச்சின்னு அந்தக்கா சொல்லுது. நீ ஒரு வார்த்த வந்து சொல்லு” என்று தங்கச்சி என் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றேன். அப்போதும்.

தாலுக்கா ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். சின்ன ரூம். மேசைமேல் கிழிந்த துப்பாக்கி. ஒரு பக்கம் மில்காரர். இன்னொரு பக்கம் கட்டுப் போட்ட கையோடு மச்சான், பக்கத்தில் தங்கச்சி. மோல்டு போட்டவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் முழுக்கைச் சட்டையும் ஒயர்கூடையுமாக வந்து நின்றாள்.

“இது உங்க துப்பாக்கின்னு எப்படிம்மா சொல்றீங்க? நம்பர் இருந்த இடமே கிழிஞ்சி போச்சே” என்றார் அதிகாரி.

அவள் கூடையிலிருந்து தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். தேர்தலுக்கு முன்னால் ஓட்டி எடுத்த ஈயக் கட்டி. கிழியாமல் இருந்த பின்பக்கத்துக் குழலில் வைத்துத் தள்ளினாள். தாழ்ப்பாள் போடுவது மாதிரி இறுக்கமாகப் போய் நின்றது. மில்காரர் மூக்கால் சிரித்தார். “ஈயத்தத் தட்டுனா எதுலயும்தான் போவும்” என்றார்.

“நான் அளந்தா பொய்யின்னு சொல்லுவீங்க” என்றாள் அவள். வெர்னியரை எடுத்து என் பக்கம் நீட்டினாள். “இவன் அளக்கட்டும். ரெண்டு மோல்டும் இவன் போட்டது. அளந்து வாய்விட்டுப் படிக்கட்டும்.”

அந்த ரூமில் வெர்னியர் படிக்கத் தெரிந்தவர்கள் அவளும் நானும்தான். ஒரு புள்ளியைக் கூட்டிச் சொன்னால் முடிந்தது. என் பட்டறை தப்பிக்கும், மில்காரர் என்னை இன்ஜினீயர் என்று கூப்பிடுவார், மச்சான் ஜெயிலுக்குப் போவான். வெர்னியரை வாங்கினேன். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்திருந்தால், முறைத்திருந்தால், வீம்புக்காவது பொய் சொல்லியிருப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பாவி.

குழலை அளந்தேன். “பதினஞ்சு” என்றேன். மில்காரரின் பையிலிருந்து எடுத்த குண்டை அளந்தேன். “பதினஞ்சு பாயின்ட் ரெண்டு.”

“குழலவிடக் குண்டு பெருசுன்னா உள்ளயே போவாதே?” என்று அதிகாரி கேட்டார்.

“வாய் தேஞ்சிருக்கு சார். அதனால மொதல்ல போவும். ரெண்டு ஜாண் போயி நின்னுடும்.”

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. தங்கச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு ஜாண்ல நிக்கறது எதனாலன்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமாண்ணா?”

நான் வெர்னியரை மேசையில் வைத்தேன். மச்சான் பட்டறைக்கு வந்ததும், நான் தட்டச் சொன்னதும் தங்கச்சிக்குத் தெரியும். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவன் வந்திருந்தான். துப்பாக்கி மாறியது எனக்கு முன்னாடியே தெரியும் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அன்று தெரிந்துகொண்டாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

மச்சான்மேல் போட்ட கேஸை எடுத்துவிட்டார்கள். கேஸ் மில்காரர் பக்கம் திரும்பியது. மில் வேலை எனக்கு நின்றது. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. தங்கச்சி என்னோடு பேச்சை நிறுத்தினாள். பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கொண்டு போனால் மச்சான் வாங்கி உள்ளே வைப்பான், மூன்று விரல் இல்லாத கையால். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். என் பிள்ளைகள் போனால் கட்டிக்கொள்வாள். நான் போனால் கதவு சாத்தும்.

விசாரணை முடிந்து பத்து நாள் கழித்து அந்த அக்கா பட்டறைக்கு வந்தாள். மோல்டை மேசையில் வைத்தாள். தக்.

“இதுக்குத் துப்பாக்கி இல்ல. நீயே வெச்சிக்க.”

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வெடித்தது. “எல்லார் எதிர்லயும் என்ன எதுக்குப் படிக்க வெச்ச? நீயே சொல்லியிருக்கலாமே, இவனாண்ட சொன்னேன்னு! என் தங்கச்சி என்னக் காறித் துப்பறா! உன் அளவுதானே ஒனக்குப் பெருசு! மனுசங்க இன்னா ஆனா ஒனக்கின்னா!” என்று கத்தினேன். பக்கத்துக் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் அடித்தேன்.

நான் கத்தி முடிக்கும்வரை அவள் நின்றாள்.

“நான் சொன்னத மில்லுக்காரன் நம்பல. ஸ்டேசன்ல நம்பல. அவனுங்க மேல எனக்குக் கோவம் இல்லடா. நீ நம்புன. நம்பிட்டு சும்மா இருந்த.”

அதைச் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்பதை என் பட்டறை வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு அவள் வேறு துப்பாக்கி வாங்கவில்லை. பன்றி தின்றதுபோக மிச்சம்தான் அவளுக்குக் கரும்பு. அந்தக் கரும்புக் காட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எதிரே வந்தால் வேறு வழியாகப் போவேன். ஆறு வருஷம் அப்படியே ஓடியது. மோல்டு என் மேசை டிராயரில்தான் கிடந்தது. திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

போன ஐப்பசியில் செத்துப்போனாள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் வழக்கம்போல, “தங்கமான மனுசி” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். சட்டை இல்லாமல், புதுப் புடவையில், வேறு யாரோ மாதிரி இருந்தாள். தலைமாட்டில் பெண்கள். கால்மாட்டில் என் தங்கச்சி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே அதே பழைய பங்காளி குழி வெட்ட ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். “அஞ்சரை அடி போதும், பொம்பளதானே” என்றார்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பொம்பளதானே. அவள் அவரைவிட உயரம். ஒருமுறை நடுவெயிலில் ஒரு பிணத்தைத் தரையில் போட்டு நிறுத்தி வைத்தவர், அதே வாயால் மறுபடியும் சொல்கிறார். மாடத்தில் ஒயர்கூடை இருந்தது. யாரையும் கேட்காமல் கையை விட்டு நூல்கண்டை எடுத்தேன். பெண்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்கள். தலைமாட்டில் மண்டியிட்டு நூலின் முனையைப் பிடித்தேன். கண்டை உருட்டிவிட்டேன். மறுமுனையைக் கால்மாட்டில் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. யாரும் அசையவில்லை. கண்ணீரில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

நூல்கண்டைத் தங்கச்சி எடுத்தாள். கால்மாட்டில் குனிந்து நூலைப் பிடித்தாள். ஒரு கணம் பார்த்தாள்.

“தொய்யுதுண்ணா” என்றாள். “இழுத்துப் புடி.”

இழுத்துப் பிடித்தேன்.